கொல்லையில் கோழியும் மக்கு உரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். அதில் ஐந்து பெட்டைக்கோழிகள், மதிலை ஒட்டி மூன்று உரக் குவியல்கள், ஒரு முருங்கை, பிறகு நான் நிற்க ஓர் ஓரம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிக்கத் தயாராக வருவார்கள், நாற்றம் இல்லை என்றதும் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோழியே குப்பையைக் கிளறிவிடும், நமக்கு வேலை மிச்சம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கோழி கிளறும், சீய்க்கும், காய்கறித் தோலைக் கொத்திச் சின்னதாக்கும், இடையில் எச்சமும் போடும். ஆனால் அது கிளறுவது நமக்காக இல்லை, புழுவுக்காக. குவியலாக வைத்ததைச் சாயங்காலத்துக்குள் தரையோடு தரையாகப் பரப்பிவிடும். பரப்பிக் கிடக்கும் குப்பை சூடாகாது, சூடாகாத குப்பையில் களை விதையும் சாகாது, எச்சத்தில் இருக்கும் கெட்ட கிருமியும் சாகாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: கோழியை முதல் வேலைக்கு மட்டும் வையுங்கள். கடைசி வேலைக்குப் பக்கத்தில்கூட விடாதீர்கள். முடிந்த உரத்தின்மேல் கோழி ஏறி ஒரு முறை எச்சமிட்டால் அது பழையபடி பச்சை எரு கலந்த உரம்தான், நாலு மாதம் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லை.

அப்படியானால் மூன்று குவியல் எதற்கு?

முதல் குவியல் கோழிகளுக்கு. சமையலறைக் காய்கறிக் கழிவு, சருகு எல்லாம் அங்கே போகும். மூன்று பக்கம் செங்கல் அடுக்கி, முன்பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். சிதறுவதை மாலையில் மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டால் போதும். இரண்டு, மூன்று வாரம் அவை கொத்திக் கிளறியதை அள்ளி, கூண்டுக்கு அடியில் விழுந்த எச்சத்தையும் சேர்த்து இரண்டாவது குவியலில் போடுவேன். இது கம்பி வலை கட்டியது, கோழி போக முடியாது. குறைந்தது மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் இருக்க வேண்டும், அதைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளே சூடு தங்காது. வாரம் ஒரு முறை புரட்டிப்போட்டு, சூடு அடங்கியதும் மூன்றாவதற்கு மாற்றுவேன். அங்கே சும்மா கிடந்து முதிரும்.

மொத்தம் நாலு மாதம். நம் ஊர் வெயிலுக்கு இது சீக்கிரம்தான், குளிர் பிரதேசத்தில் இதற்கே ஒரு வருஷம்கூட ஆகலாம்.

சூடாகிறது என்றால் எவ்வளவு சூடு? எப்படித் தெரிந்துகொள்வது?

நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும். ஆனால் அது குவியலின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் கிடைக்கிறது. ஓரத்தில் இருப்பது பச்சையாகவே இருக்கும், அதனால்தான் புரட்டும்போது வெளியே இருப்பதை உள்ளே தள்ளிப் போட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

வெப்பமானி இல்லையா, ஒரு நீளக் கம்பியை நடுவில் குத்தி ஐந்து நிமிஷம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டால் சரியான சூடு. வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீரோ எச்சமோ காற்றோ குறைகிறது என்று அர்த்தம்.

சருகும் எச்சமும் என்ன கணக்கில் கலப்பது?

இதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். கோழி எச்சத்தில் அந்த விகிதம் பத்துக்கும் கீழே, அதாவது நைட்ரஜன் மிக அதிகம். காய்கறிக் கழிவு 15, 20 பக்கம் வரும். காய்ந்த இலை 50ஐத் தாண்டும், மரத்தூள் சில நூறுகளில் நிற்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என் பக்கெட் கணக்கு: காய்கறிக் கழிவு ஒரு பக்கெட் என்றால் சருகு இரண்டு, மூன்று. வெறும் எச்சம் ஒரு பக்கெட் என்றால் நன்றாக அமுக்கி நிரப்பிய சருகு ஆறு, ஏழு.

ஏழா என்று வாயைப் பிளக்காதீர்கள். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 100 கிராமுக்கு மேல் எச்சம் போடும், நாட்டுக்கோழி அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஐந்து கோழி என்றால் மாதத்துக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாது, அதில் பெரும்பங்கு ராத்திரி கொம்பில் உட்கார்ந்திருக்கும்போது கீழே விழுவது. ஆகவே இந்த வேலையில் கோழித் தீவனத்தைவிடச் சேமித்து வைக்க வேண்டிய பொருள் சருகுதான். கோழி வாங்கும் முன்னால் பத்து மூட்டை சருகு சேர்த்துவிட்டீர்களா என்று கேட்பேன், சிரிப்பார்கள்.

இவ்வளவு சருகுக்குச் சென்னையில் எங்கே போவது?

மாசி, பங்குனியில் தெருவைப் பாருங்கள். வேம்பும் புங்கையும் கொட்டித் தீர்க்கும். வாதாம் மரம் சிவந்த பெரிய இலைகளை வருஷத்தில் இரண்டு தடவைகூட உதிர்க்கும், அது தோல் மாதிரி தடிமன், கிழித்துப் போடாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் விரித்த மாதிரி கிடந்து காற்றை அடைக்கும். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா முன்பெல்லாம் குவித்த இலையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். “அக்கா, அத எனக்குக் குடுத்துடுங்க” என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். இப்போது அவரே சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார், பதிலுக்கு வாரம் நாலு முட்டை. தெருச் சருகில் பால் பாக்கெட் மூலை, கண்ணாடித் துண்டு, குண்டூசி எல்லாம் இருக்கும், கொட்டும்போதே பொறுக்கிவிடுங்கள். கோழி பளபளப்பாக எதைக் கண்டாலும் விழுங்கிவிடும்.

கரும்புச்சாறு வண்டிச் சக்கை நன்றாக மக்கும், வெட்டிப் போட வேண்டும். தென்னை நார்க்கழிவு வாங்கினால் ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், உப்பு இருக்கும். இளநீர் மட்டை வேண்டாம், நம் ஆயுசுக்குள் மக்காது என்று தோன்றும். மரத்தூள் வாங்கினால் மரம் அறுக்கும் கடையில் வாங்குங்கள். பிளைவுட் அறுத்த தூளில் பிசின் கலந்திருக்கும், அது கோழிக்கும் வேண்டாம் செடிக்கும் வேண்டாம்.

நாற்றம் அடிக்காதா? பக்கத்து வீட்டில் சண்டைக்கு வரமாட்டார்களா?

வந்தார்கள். முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, “ஏம்பா, ரெண்டு நாளா கண்ணெல்லாம் எரியுது, என்னதான் போட்டு வச்சிருக்க?” என்றார். கண் எரிந்தால் அது அமோனியா. எச்சம் அதிகம், சருகு போதவில்லை, நைட்ரஜன் காற்றில் போகிறது, அதாவது செடிக்குப் போக வேண்டியது பின்வீட்டு அம்மாவின் கண்ணுக்குப் போகிறது. அன்றே மூன்று மூட்டைச் சருகு கலந்து புரட்டினேன், மறுநாள் அடங்கிவிட்டது.

அழுகிய முட்டை வாடை அடித்தால் அது வேறு கதை. தண்ணீர் அதிகம், காற்றில்லை. புரட்டிவிட்டு உலர்ந்த பொருள் சேருங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் குறைவு.

சமையலறையில் மிஞ்சியதை எல்லாம் கோழிக்குப் போடலாமா?

எல்லாம் கூடாது. ஊறுகாய், அப்பளம், உப்புப் போட்ட குழம்பு வேண்டாம், உப்பு கோழிக்கு ஆகாது. பூசணம் பிடித்த ரொட்டி, பிண்ணாக்கு, கடலை கண்டிப்பாக வேண்டாம், அதில் இருக்கக்கூடிய அஃப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வேகாத பீன்ஸ் விதை, பச்சை ஏறிய உருளைக்கிழங்குத் தோல், அவகாடோ மூன்றும் விஷம். மீன் செதில், எலும்பு, பிரியாணி மிச்சம் இவற்றைக் குவியலிலும் போடாதீர்கள். போட்டால் அன்று ராத்திரியே பெருச்சாளி விருந்துக்கு வந்துவிடும், பெருச்சாளி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்.

முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கிக் கோழிக்கே போடலாம். அது போதாது, கிளிஞ்சல் தூளும் தனித் தட்டில் வைத்திருங்கள்.

எச்சத்தை நேரடியாகச் செடிக்குப் போட்டால் என்ன?

செடி கருகும். கத்தரி பூ விட்ட நேரத்தில் அவசரப்பட்டு ஆளுக்கு ஒரு கை புது எச்சத்தை வேருக்குப் பக்கத்தில் வைத்து மண் மூடினேன். மூன்றாம் நாள் இலை ஓரம் பழுப்பாகச் சுருண்டது, வாரக் கடைசியில் எட்டில் ஆறு செடி போய்விட்டது. இன்னொரு காரணம் சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி போடும் பாத்தியில் மக்காத எரு போட்டால் அறுவடைக்கு நாலு மாதமாவது இடைவெளி வேண்டும். அந்த நாலு மாதத்தில் மக்கியே போயிருக்கும், பிறகு எதற்கு அவசரம்? கூண்டிலும் குவியலிலும் கைவைத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு இதைப் பழக்குவது கொஞ்சம் கஷ்டம்தான்.

மக்குவதற்கு மருந்து, பொடி ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். பழைய உரம் ஒரு சட்டி தூவுங்கள். முதல் தடவை என்றால் சாணிக் கரைசலோ புளித்த மோரோ போதும்.

சலிக்கத்தான் வேண்டுமா?

மரத்துக்கும் வாழைக்கும் போடுவதென்றால் தேவையில்லை, அப்படியே கொட்டிவிடுங்கள். தொட்டிக்கும் நாற்றுத் தட்டுக்கும் சலிக்காமல் போட்டால், பாதி மக்கிய குச்சிகள் தொட்டிக்குள் மக்க ஆரம்பித்து, செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனைத் தாங்களே இழுத்துக்கொள்ளும். செடி வெளிறிப்போய் நிற்கும், நாம் உரம் போதவில்லை என்று இன்னும் கொட்டுவோம்.

அப்புறம், உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த வேலையிலேயே பிடித்தது சலிப்பதுதான்.

எந்தச் சல்லடை? கோழி வலையில் செய்யலாமா?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோழி வலை அறுகோணம், மெலிந்த கம்பி, நாலு சட்டி போட்டதும் தொய்ந்து தொட்டில் ஆகிவிடும். இரும்புக் கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள், சதுரக் கண், அரை அங்குலம். இரண்டடிக்கு இரண்டரை அடி மரச்சட்டம் அடித்து, வலையை அடிப்பக்கம் வைத்து, ஓரத்தில் பட்டை அடித்து இறுக்குங்கள். கம்பி முனை கையைக் கிழிக்காமல் இருக்க அந்தப் பட்டை முக்கியம். கொத்தனார் மணல் சலிக்கும் பெரிய சல்லடையைச் சாய்த்து நிறுத்தியும் சலிக்கலாம், மண்வெட்டியால் வீசினால் நல்லது பின்னால் விழும், கட்டை முன்னால் உருண்டு வரும். நிறைய இருந்தால் அது வேகம். என் இடத்தில் வீசினால் மதிலில்தான் படும், அதனால் கைச்சல்லடை.

அரை அங்குலத்தில் வருவது பாத்திக்கு. அதையே கால் அங்குலத்தில் மறுபடி சலித்தால் தொட்டிக்கு. நாற்றுக்கு மூன்று மில்லிமீட்டர், வீட்டில் ஓரங்கட்டிய பழைய கோதுமைச் சல்லடை போதும், சமையலறைக்குத் திரும்பிப் போகாதபடி ஒளித்து வையுங்கள்.

சல்லடைக் கண் அடைத்துக்கொள்கிறதே?

ஈரம். முந்தின நாள் தார்ப்பாயில் நிழலில் பரப்புங்கள். சாக்லேட் கேக் உதிர்கிற பதத்துக்கு வர வேண்டும். மொறமொறவென்று காயவிட்டால் தூள் பறந்து மூக்கை அடைக்கும், முகத்தில் துணி கட்டாமல் சலிக்காதீர்கள். கத்திரி வெயில் மாதத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது உடம்புக்கு நல்லது.

பாண்டுச் சட்டி மேல் சட்டத்தை வைத்து, இரண்டு மண்வெட்டி போட்டு, முன்னும் பின்னும் தள்ளினால் சர்சர் என்று ஒரு சத்தம். முதலில் கனமாக இருக்கும், பத்துத் தள்ளலில் கை லேசாகும். மேலே நிற்பவற்றைப் பார்த்தால் வீட்டில் நாலு மாதமாக என்ன சாப்பிட்டோம் என்று தெரியும்: கறிவேப்பிலைக் காம்பு, பூண்டின் அடித்தண்டு, ஆப்பிளில் ஒட்டிய ஸ்டிக்கர், ரப்பர் பேண்டு, ஒரு முறை காணாமல் போன டீஸ்பூன்.

சலிக்கும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு வருகிறது. மண்புழு இல்லையே, என்ன அது?

சுருண்டு கிடந்து தலை மட்டும் பழுப்பாக இருந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கும். உரத்துக்கு அது கெடுதல் செய்யாது, மக்குவதைத் தின்று மக்கவே வைக்கும். ஆனால் வளர்ந்து வண்டாகி வெளியே போனால் தென்னையின் குருத்தைக் குடையும். ஓலை விரிந்ததும் கத்தரியால் வெட்டியது மாதிரி முக்கோணமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். தென்னை இருக்கும் தெருவில் எருக்குழி வைத்திருக்கிறவர் இந்தப் புழுவை விட்டுவைப்பது சரியில்லை. முதிரும் குவியலின் மேல் பச்சை நிழல்வலை இறுக்கமாக மூடினால் வண்டு இறங்கி முட்டையிடுவது குறையும்.

மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். நான் சல்லடையைக் கையில் எடுத்தாலே ஐந்தும் வலைக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கும். ஒரு புழுவை வீசினால் ஒன்று கவ்விக்கொண்டு ஓடும், மற்ற நாலும் துரத்தும், விழுங்க நேரமில்லாமல் கொல்லையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு நொடியில் உள்ளே தள்ளிவிடும். கிராமத்தில் குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கப் பானையில் ஓலையும் சாணமும் நனைத்துக் கவிழ்த்து வைப்பார்கள். இங்கே அந்த வேலையைக் குவியலே செய்கிறது. பூரானும் வரும், கையுறை போடுங்கள்.

சல்லடையில் மிஞ்சும் கட்டையை என்ன செய்வது?

பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு அரைமணி நேரம் கோழிகளுக்கு முன்னால் கொட்டுங்கள். பிறகு இரண்டாவது குவியலுக்கு, சூடாகும் குவியலுக்குப் போக வேண்டும், கோழி தொட்டதால் மூன்றாவதற்குப் போகக் கூடாது. அதில் இருக்கும் நுண்ணுயிர் புதுக் குவியலுக்கு உறைமோர் மாதிரி.

உரம் தயாரா என்று எப்படி நிச்சயம் செய்வது?

முதல் மழை விழுந்த மண் வாசனை வர வேண்டும், உள்ளே கை விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள், திறக்கும்போது புளித்த வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. இன்னொன்று, பத்து வெந்தயத்தை உரத்திலும் பத்தைச் சாதாரண மண்ணிலும் போட்டுப் பாருங்கள். உரத்தில் போட்டது முளைக்காமல் நின்றாலோ வேர் கருத்தாலோ இன்னும் ஒரு மாதம் விடுங்கள்.

கோழி எரு கலந்த உரத்தில் உப்பும் பாஸ்பரஸும் கூடுதல். தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மிச்சம் செம்மண்ணும் நார்க்கழிவும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதி என்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் புதுக் குவியல் ஆரம்பிக்காதீர்கள், இதுதான் என் முதல் அறிவுரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் இருப்பதைச் சலித்து மூட்டை கட்டிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொல்லையில் முழங்கால் தண்ணீர், இரண்டாவது குவியல் மிதந்து முருங்கையைச் சுற்றிக்கொண்டு நின்றது, கோழிகள் மூன்று நாள் மாடிப்படி அறையில் செருப்பு ஸ்டாண்டின் மேல் குடியிருந்தன. அதற்குப் பிறகு மூன்று குவியலையும் செங்கல் அடுக்கி ஓரடி உயர்த்திவிட்டேன். மேலே தார்ப்பாய், பக்கம் திறப்பு. பங்குனியில் சேர்த்த சருகு மூட்டைகள் மாடியில், காய்ந்தபடி இருக்கும். ஈரமான எச்சத்தை அடக்க அந்த மாதங்களில் வேறு வழியே கிடையாது.

கோழிக்கு நோய் வந்தால் அந்த எருவை என்ன செய்வது?

செத்த கோழியைக் குவியலில் போடவே கூடாது, ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் கூண்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம், அதனால் தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். வரிசையாகக் கோழிகள் சாகிற மாதிரி இருந்தால் எதையும் கிளறாமல் முதலில் அங்கே சொல்லுங்கள்.

சேவல் வேண்டுமா?

முட்டைக்கு வேண்டாம். குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கூவுவதைப் பின்வீட்டு அம்மாவிடம் விளக்க எனக்குத் தைரியமில்லை.

அடுக்குமாடியில் இருக்கிறோம், என்ன செய்யலாம்?

கோழியை மறந்துவிடுங்கள். ஓட்டை போட்ட மூன்று மண்பானை, காய்கறித் தோல், சருகு, அரை அங்குலச் சல்லடை, இவ்வளவு போதும். முட்டை வேண்டுமானால் கடையில் வாங்குங்கள்.

கடைசியாக, மாங்கொட்டை மக்குமா?

சுலபத்தில் மக்காது. சல்லடையில் நின்றது, திரும்பக் குவியலுக்குப் போனது, மறுபடி சல்லடையில் நின்றது, ஒரே கொட்டையை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். போன ஆனியில் சூடு எட்டாத ஓரத்தில் கிடந்த ஒன்று முளைத்தேவிட்டது. பங்கனப்பள்ளியா மல்கோவாவா தெரியவில்லை, இப்போது தொட்டியில் முக்கால் அடி நிற்கிறது.